ஜெராக்ஸ் கடை நெடி

பரீட்சை நெருங்கினால் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைகளில் மெஷின் ஓய்வதேயில்லை. உள்ளே கால் வைத்ததும் மூக்கில் ஏறுகிற நெடியை இங்க் வாடை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மெஷினில் இங்க்கே கிடையாது. சூட்டில் உருகும் டோனர் பொடியோடு ஓசோனும் கலந்த நெடி அது.

ஓசோனின் வாசனையை முதலில் குறித்து வைத்தவர் மார்ட்டினஸ் வான் மாரம். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், ஆளுயரக் கண்ணாடித் தட்டுகளைச் சுழற்றி மின்பொறி பறக்கவிடும் ராட்சத இயந்திரம் அவரிடம் இருந்தது. 1785இல் ஆக்சிஜனுக்குள் பொறியைப் பாய்ச்சியபோது விசித்திரமான நெடி எழ, மின்சாரத்தின் வாசனையே அதுதான் என்று எண்ணினார். அரை நூற்றாண்டு கழித்து, ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக்கொண்டிருந்த வேதியியலாளர் ஷோன்பைனும் அதே நெடியை முகர்ந்தார். இது தனியொரு பொருள் என்று சொல்லி, 1840இல் ஓசோன் எனப் பெயரிட்டார்.

ஜெராக்ஸின் கதையும் நாற்றத்தில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கில் பேட்டன்ட் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், வீட்டுச் சமையலறையில் கந்தகத்தைக் காய்ச்சிப் புகை கிளப்பியதில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஓர் அறையில், அவருடைய உதவியாளர் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்துகள் எழுதிய கண்ணாடியைத் தகட்டின்மேல் வைத்து விளக்கொளி பாய்ச்சிப் பொடி தூவியதும் அந்த எழுத்துகள் தெரிந்தன. உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி அதுதான்.

1959இல் 'ஜெராக்ஸ் 914' மெஷின் வந்தது; எடை ஏறக்குறைய 300 கிலோ. கைக்குட்டை செய்த வேலையை அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிய மெல்லிய கம்பி செய்தது. கம்பியைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் உடைந்து, மூன்று மூன்று அணுக்களாகச் சேர்ந்தால் ஓசோன். வான் மாரம் முகர்ந்த அதே வாயு, கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

பிரதி எடுக்க வருபவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். மெஷினருகே நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குத்தான் ஓசோனால் தொண்டைக் கரகரப்பும் கண் எரிச்சலும் வரக்கூடும். அமெரிக்காவில் எட்டு மணிநேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட ஓசோன், காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.1 பங்குதான். பின்னாளில் கம்பிக்குப் பதில் ரப்பர் ரோலர் வந்த மெஷின்களில் ஓசோன் வெகுவாகக் குறைந்தது. கம்பி உள்ளவற்றில் கரி ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. காலப்போக்கில் ஃபில்டர் சக்தி இழந்துவிடும் என்பதால், டோனரை மாற்றுவதுபோல் அதையும் மாற்றியாக வேண்டும்.