மொட்டை மாடியில் இருந்தவருக்கு ஒன்பதாவது போன்

காட்டூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல தஞ்சாவூர் ரோட்டு பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வெப்சைட் ஃபார்ம்ல வர்ற தகவலை ஷீட்ல போடலாமா, டேட்டாபேஸ் வேணுமா?" காலேஜ் விழாவுக்குப் பேர் குடுக்கிற ஃபார்ம்னா ஷீட் தாராளமாப் போதும். ஆனா அந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது 2018 ஆகஸ்ட்.

அந்த மாசம் காவிரியும் கொள்ளிடமும் கரை தொட்டு ஓடுச்சு. 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்புல, 1836ல கட்டின மேலணையோட ஒன்பது மதகுகளைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேரளா மூழ்கிக் கிடந்தது. நான் அப்ப இன்ஜினியரிங் மாணவன். கேரளாவுல இருந்து வந்த உதவிக் கோரிக்கைகளை யாரோ ஒரு ஷீட்ல இறக்கி, எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க. ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டு விசாரிக்கணும். ஒருத்தர் எடுத்தார். தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "காலையில இருந்து நீங்க ஒன்பதாவது ஆள். மொட்டை மாடியிலதான் இருக்கோம். போன்ல சார்ஜ் இல்ல. படகுக்காரர் கூப்பிட்டா எடுக்கணும், வைங்க மோனே."

என் ஷீட்ல அவர் பேருக்கு நேரா "இன்னும் பேசவில்லை"ன்னு இருந்தது. முன்னாடி கூப்பிட்ட எட்டு பேரும் அவங்கவங்க காப்பியில டிக் அடிச்சிருப்பாங்க. நான் உதவி செய்யலை, அவர் பேட்டரியைத்தான் தின்னேன்.

இந்தப் பிரச்சனை ரொம்பப் பழசு. 2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. யார் காணோம், எந்த முகாம்ல யார் இருக்காங்க, எங்க என்ன தேவைன்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வெச்சிருந்தா வேலை நடக்காது. அதனால லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் முன்னெடுக்க, அங்க இருந்த புரோகிராமர்கள் தன்னார்வமா சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினாங்க. பேர் சஹானா. சிங்களத்துல நிவாரணம்னு அர்த்தம். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006ல பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும் அது போய் நின்னுச்சு. நம்ம பக்கத்து வீட்டுல நடந்த இந்தக் கதை எந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புலயும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

2005ல அமெரிக்காவுல கத்ரீனா புயல். அங்க வேற சிக்கல். காணாமப் போனவங்களைத் தேட ஏகப்பட்ட வெப்சைட் வந்துடுச்சு. அம்மாவைத் தேடுற பையன் எத்தனை இடத்துலதான் தேடுவான்? தன்னார்வலர்கள் அதையெல்லாம் கையாலயே டைப் பண்ணி ஒண்ணு சேர்த்தாங்க. அப்ப பிறந்ததுதான் பிஎஃப்ஐஎஃப்ங்கிற பொது வடிவம். அதுல ஒவ்வொரு பதிவோட அடையாள எண்லயும் அது முதல்ல எந்தத் தளத்துல எழுதப்பட்டதுங்கிறது ஒட்டிக்கிட்டே வரும். எத்தனை காப்பி எடுத்தாலும் ஒரே பதிவுதான்னு தெரிஞ்சுடும். என்கிட்ட இருந்த ஷீட்ல இல்லாதது அதுதான்.

2015 டிசம்பர் 1, சென்னை. மறுநாள் இந்து பேப்பரே வரலை. 1878க்கு அப்புறம் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவைன்னு சொன்னாங்க. ட்விட்டர்ல கூகுள் ஷீட் பறந்துச்சு: யார் வீட்ல தங்கலாம், எங்க சாப்பாடு, எங்க படகு. அதுல இருந்து சென்னைரெய்ன்ஸ் தளம் வந்தது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கோடு எழுத யாருக்கும் நேரம் இல்லாத ராத்திரியில, எல்லாரோட விரலுக்கும் பழகின கருவி ஷீட்தான்.

ஆனா ஷீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரே ஒரு காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி யாராவது அ-ஃ வரிசைப்படுத்திட்டா, இவர் பேர் அவர் போன் நம்பர் பக்கத்துல போய் உக்காந்துடும். எதுவும் உடைஞ்ச மாதிரியே தெரியாது. டேட்டாபேஸ்ல பேரும் நம்பரும் ஒரே பதிவு; பிரிச்சு வரிசைப்படுத்த முடியாது. 2018ல கேரளாரெஸ்க்யூ தளம் ஜாங்கோ, போஸ்ட்கிரஸ் வெச்சு, கோடு முழுக்க கிட்ஹப்ல திறந்து வெச்சு ஓடினது. அங்க ஒரு கோரிக்கைன்னா அதுக்கு ஒரு எண். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு ஷீட்டா இறக்கினது நாங்கதான்.

தம்பி, இப்ப உன் கேள்விக்கு வர்றேன். அந்த வரியை ஒருத்தருக்கு மேல திருத்தப் போறாங்கன்னா டேட்டாபேஸ் போ. ஷீட்தான் வேணும்னா, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் குடு. காப்பி எடுக்க விடாத, லிங்க்கை மட்டும் குடு. வேலை முடிஞ்சா எப்ப அழிக்கிறதுன்னு முதல் நாளே முடிவு பண்ணு.

கடைசியாச் சொன்னது எனக்கே வலிக்குது. இந்த எபிசோடுக்காகப் பழைய டிரைவைத் தேடினேன். அந்த ஷீட் இன்னும் இருந்தது, பேர், போன் நம்பர், வீட்டு அடையாளம் எல்லாத்தோடயும். இத்தனை வருஷமா. நேத்து ராத்திரிதான் அழிச்சேன். மத்த எட்டு பேர்கிட்ட இன்னும் இருக்கும்.