கை நடுங்குவது நோயாலா, மருந்தாலா?

மனநலம் பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கு முடியப்போகும் நேரம். ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். "தம்பி, என் மகனுக்கு மனச்சிதைவு. மருந்து சாப்பிட்டா காதுல குரல் கேக்கறது நிக்குது. ஆனா கை நடுங்குது, கிழவன் மாதிரி நடக்கிறான். மருந்த நிறுத்திடலாமா?"

"நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்றிப் பார்க்கலாம், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்" என்றார் மேடையில் இருந்த மருத்துவர். அதோடு நேரம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு நோயைத் தணிக்கும் மருந்து இன்னொரு நோயின் சாயலை ஏன் கொண்டுவருகிறது? வாசகர்களே, இதற்கான விடையைத் தேடி விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் அலைந்திருக்கிறார்கள்.

கதையின் ஒரு முனை இந்தியாவில் இருக்கிறது. சர்ப்பகந்தா வேர் மனக்கொதிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என்று 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டு பாரிசில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற செயற்கை மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மருந்துகளும் நோயாளிகளை அமைதிப்படுத்தின. இரண்டுமே சிலருக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் தந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியாது!

டோபமின் என்ற வேதிப்பொருளை இலண்டனில் 1910ஆம் ஆண்டிலேயே செய்துவிட்டார்கள். ஆனால் உடம்பு வேறொரு பொருளைத் தயாரிக்கும்போது இடையில் வந்து போகும் சரக்கு என்றுதான் அதை நெடுங்காலம் நினைத்தார்கள். 1957இல் இங்கிலாந்தின் கேத்லீன் மொண்டாகு அது மூளையில் இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு சுவீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை துவண்டு கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து நடமாடின!

இதை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. 1960இல் இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேல் உள்ளிட்ட மூத்தவர்கள் கார்ல்சன் சொன்னதை நம்பவில்லை. அதே ஆண்டு வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச்சும் ஹெர்பர்ட் ஏரிங்கரும், நடுக்குவாதத்தால் (பார்க்கின்சன் நோய்) இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அதில் டோபமின் வற்றிக் கிடந்ததைக் காட்டினார்கள். மறு ஆண்டு எல்-டோபா ஊசி போடப்பட்டபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கார்ல்சனுக்கு நோபல் பரிசு 2000ஆம் ஆண்டில்தான் வந்தது.

ரெசர்பின் டோபமின் சேமிப்பைக் காலி செய்கிறது, அதனால் நடுக்கம் வருகிறது. சரி. குளோர்ப்ரோமசின் எதையும் காலி செய்வதில்லையே, பிறகு ஏன் அதே நடுக்கம்? டோபமின் போய்ச் சேரும் இடத்தையே அது அடைத்துக்கொள்கிறது போலும் என்று 1963இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்ட்டும் ஊகித்தார்கள். அந்த இடத்திற்குத்தான் ஏற்பி என்று பெயர். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வில் பதிந்திருக்கும் புரதம் அது. துணியில் நூல் உள்ளும் வெளியும் ஓடுவதுபோல், ஏழு முறை சவ்வைத் துளைத்துப் போகிறது. டோபமின் வெளியே வந்து ஒட்டினால் உள்ளே செய்தி போகும்.

அந்தப் பூட்டைத் தேடியவர்களில் முக்கியமானவர் கனடாவின் ஃபிலிப் சீமன். சிக்கல் என்னவென்றால், இந்த மருந்துகளை அதிகமாகப் போட்டால் எந்தச் சவ்விலும், இரத்தச் சிவப்பணுவின் சவ்வில்கூட, ஒட்டிக்கொள்ளும். அதனால் நோயாளியின் உடலில் உண்மையாக வேலை செய்யும் அளவு எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டார். ஹாலோபெரிடால் என்ற மருந்துக்கு அது ஏறத்தாழ ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஒரு கிராமைக் கரைத்த அளவுதான்! அவ்வளவு நீர்த்த நிலையிலும் அது விடாமல் பிடிக்கும் இடத்தை 1975இல் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடர் குழுவும் அதே இடத்திற்கு வந்து சேர்ந்தது. எந்த மருந்து அந்த ஏற்பியை இறுகப் பிடிக்கிறதோ, அதற்குக் குறைந்த மில்லிகிராமே போதும் என்று 1976இல் இரு குழுக்களும் காட்டின. இன்று அதற்கு டி-2 என்று பெயர்.

அந்தத் தாயின் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. டி-2 ஏற்பி எண்ணத்தோடு தொடர்புள்ள பகுதியில் மட்டுமல்ல, உடல் அசைவை நடத்தும் பகுதியிலும் நிறைய இருக்கிறது. மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. சுவீடனின் லார்ஸ் ஃபார்டே 1980களில் உயிரோடு இருப்பவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராயத் தொடங்கினார். டி-2 ஏற்பிகளில் சுமார் 65 முதல் 80 விழுக்காடு அடைபட்டால் பலன் கிடைக்கிறது, 80ஐத் தாண்டினால் நடுக்கமும் விறைப்பும் பெருகுகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளில் தெரிந்தது. மருத்துவர் "அளவை மாற்றலாம்" என்றாரே, அது வெறும் சமாதானப் பேச்சில்லை.

அம்மா, நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். ஏற்பி சுவரில் அடித்த ஆணியல்ல. நெடுநாள் அடைத்து வைத்தால் சவ்வில் டி-2 ஏற்பிகள் பெருகுவதை ஸ்னைடர் குழு 1977இல் எலிகளில் கண்டது. மருந்தைத் திடீரென நிறுத்தும்போது, பெருகியிருக்கும் ஏற்பிகள்மீது டோபமின் தடையின்றிப் போய் விழும். இதற்கு நேர்மாறாக, அளவுக்கு மீறித் தூண்டினால் உயிரணு தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1988இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டி-2 ஏற்பியின் மரபணு பிடிபட்டது. 1991க்குள் டி-1 முதல் டி-5 வரை ஐந்தும் தெரிந்துவிட்டன. அதே 1991இல் சுவீடனின் ஷெல் ஃபூக்ஸே குழு, எலி மூளையின் சவ்வில் இன்னொரு விந்தையைக் கண்டது. அடினோசின் என்ற வேறொரு பொருளின் ஏற்பியைத் தூண்டினால், டி-2 ஏற்பிக்கு டோபமின்மீது உள்ள பிடி தளர்ந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் காதில் ஓதுவது போல! இரண்டு ஏற்பிகளும் ஒன்றையொன்று தொட்டபடி சோடியாக வேலை செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. நோயாளியின் மூளையில் அப்படி எவ்வளவு நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனால் அந்த அடினோசின் ஏற்பியை அடைக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்து, நடுக்குவாதத்தில் எல்-டோபாவுக்குத் துணை மருந்தாக ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி பெற்றது.

கோப்பியில் இருக்கும் காஃபினும் அந்த அடினோசின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. இதைச் சொன்னதும் அரங்கில் ஒரு பெரியவர், "அப்படின்னா அப்பாவுக்கு மாத்திரைக்குப் பதிலா கோப்பி ஓ வாங்கிக் கொடுத்திரலாமா?" என்றார். மருத்துவரும் சிரித்துவிட்டார். "கோப்பி வாங்கிக் கொடுங்கள் ஐயா, சீனியைக் குறைத்து. மாத்திரையையும் கொடுங்கள்."