கணவாயும் காவல் விதியும்

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடுகிற பாலக்காட்டுக் கணவாயின் வழியாகவே, கொங்கு நாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் இடையே வணிகரும் சேனைகளும் நெடுங்காலமாகச் சஞ்சரித்து வந்தனர். 1766-இல் ஹைதர் அலி அங்கே கோட்டையைப் புதுப்பித்து எழுப்பியதும், 1790-இல் ஆங்கிலேயர் அதை முடிவாகக் கைப்பற்றியதும், வழியைக் காப்பவனுக்கே தேசம் வசமாகும் என்ற ராஜதந்திரத்தின் விளைவுகள்.

தெற்கே இடுக்கி மலைகளில் அத்தகைய அகன்ற வாசல் கிடையாது; குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மலையேறும் குறுகிய பாதைகளே உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் 1865-இல் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை, பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைத் தீர்வையை ரத்துச் செய்து, புகையிலை, உப்பு போன்ற சிலவற்றை மட்டும் விலக்கி வைத்தது. பெயர் குறித்தவற்றைத் தடுத்து நிறுத்து, மற்றவற்றைப் போகவிடு என்பதே அதன் சாரம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தை விட்டுக் கேரளத்தோடு சேர்ந்தபோது, கணவாயிலுள்ள வாளையாறு இரண்டு ராஜ்யங்களின் எல்லையாயிற்று. பின்னாளில் அங்கிருந்த வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. டிரைவர் பில்லை நீட்டுவார். ஆயினும், பில்லில் கண்டது ஒன்றும் தார்ப்பாயின் கீழ் உள்ளது வேறொன்றுமாக இருக்கலாமாகையால், பில்லோடு சோதனை முடிந்துவிடாது.

2017 மே மாதம் பாலக்காட்டில் புகுந்த சத்துரு இந்தச் சாலைகளில் எதிலும் வரவில்லை. மே 12-இல் உலகமெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் வைரஸ், சில தினங்களுக்குள் தென்னக ரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையும் பீடித்தது. கம்ப்யூட்டரின் வாசல்களான போர்ட்டுகளுக்கு 0 முதல் 65535 வரை எண் உண்டு. அவற்றுள், விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படும் 445 திறந்திருந்து, மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்த திருத்தம் ஏற்றப்படாதிருந்த இயந்திரங்களையே அது நாடிச் சென்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

இந்தப் போர்ட்டுகளைக் காக்கும் ஃபயர்வால் என்னும் காவல், 1865-ஆம் ஆண்டு விதியைத் தலைகீழாக்குகிறது: பெயர் குறித்தவற்றை விடு, மற்றனைத்தையும் மறு. சாலைக்கு வருகிற சரக்கை ஒருவாறு ஊகிக்கலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் தட்டக்கூடிய வாசலில் ஊகத்துக்கு இடமில்லை. நெட்ஸ்டாட் என்ற கட்டளையை ‘-a’ சேர்த்து இட்டால், திறந்து காத்திருக்கும் போர்ட்டுகள் ‘லிசனிங்’ என்ற குறிப்போடு திரையில் வரிசையாக வரும். வேலைக்கு வேண்டாதவற்றின் சேவையை நிறுத்தி, வேண்டியவற்றுக்கு இன்ன முகவரியிலிருந்து மட்டும் என்று விதி எழுதி, எஞ்சிய யாவற்றையும் மறுக்கும் விதியை இறுதியில் வைப்பதே முறை. அதன் பிறகும், அனுமதித்த வாசலின் வழியே தீங்கு நுழையலாம் என்பதால், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவது அவசியம். வாளையாற்றில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததற்கும் காரணம் இதுவே.

அதே 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி அமலுக்கு வந்து வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மறு வருஷம் ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை கடக்க, இ-வே பில் என்னும் சரக்குச் சீட்டு கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டுமென்றாயிற்று. சாவடிக் குமாஸ்தாவின் கண்காணிப்பில் பெரும்பகுதி இவ்வாறு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால், அங்கே எந்தப் போர்ட் யாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதி எழுதுகிறவரே இன்று கணவாய்க்கும் காவலர்.