மேஸ்திரிக்கு இருந்த உரிமை

1819 ஜனவரி 6-ஆம் தேதி பிரெஞ்சு சிவில் சட்டம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை, திருமணம், வாரிசு என்று அந்தச் சட்டத்தைப் பற்றி இந்த ஊரில் நிறையப் பேசியாயிற்று. அதன் 1798-ஆம் பிரிவை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அது கொத்தனாருக்கும் தச்சருக்குமான பிரிவு. ஒப்பந்தக்காரர் காசு தராவிட்டால், வேலை செய்தவர் கட்டடத்தின் உரிமையாளர் மீதே நேரடியாக வழக்குப் போடலாம். உரிமையாளர் ஒப்பந்தக்காரருக்கு வைத்திருக்கும் பாக்கி எவ்வளவோ, அதுவரை வாங்கலாம்.

பிரான்சில் இந்தக் கரிசனம் இன்னும் பழையது. பொதுப்பணிக்கான அரசுப் பணத்தில் வேலையாட்களுக்கும் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் சேரவேண்டியது போய்ச் சேரும் முன், ஒப்பந்தக்காரரின் மற்ற கடன்காரர்கள் கைவைக்க முடியாதென்று 1794-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது.

இன்று விக்டர் சிமோனல் வீதியில் இருக்கும் பிரெஞ்சுப் பள்ளியான லிசே 1826-இல் தொடங்கியபோது 1798-ஆம் பிரிவு ஊரில் அமலில் இருந்தது. 1954-இல் ஆட்சி கைமாறியது. 1962-இல் அது சட்டப்படி உறுதியானது. 1968-இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர் அதைக் காட்டிப் பொதுவாக வழக்காட முடியாது என்பது இந்திய நீதிமன்றங்களின் நிலை.

அதன் விளைவை அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டும் இடத்தில் பார்க்கலாம். டெண்டர் எடுத்தவர் சென்ட்ரிங்கை ஒருவரிடமும் கம்பி வேலையை இன்னொருவரிடமும் ஒயரிங்கை வேறொருவரிடமும் விடுவார். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பொறியாளர் அளவெடுத்து எம்.புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதி, பில் பாஸாகி, காண்ட்ராக்டர் கணக்கில் பணம் ஏறவேண்டும். அதுவரை "பில் வரட்டும்" என்பதே பதில். சனிக்கிழமைக் கூலி அதற்குக் காத்திருக்குமா? இப்படி வேலை எடுத்த மேஸ்திரி வட்டிக்கு வாங்கித்தான் ஆட்களுக்குக் கொடுக்கிறார்.

அவர் வேலை கொடுத்த அரசுத் துறையிடம் போய் முறையிடவும் வழியில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் 21-ஆம் விதி, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேலையை உள்குத்தகைக்கு விடக்கூடாது என்கிறது. அனுமதி வாங்காத இடத்தில், காகிதத்தைப் பொறுத்தவரை மேஸ்திரி என்று ஒருவர் இல்லவே இல்லை. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் தராத கூலியை முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் அதே சட்டம் உள்குத்தகைக்காரரையும் 'காண்ட்ராக்டர்' என்ற சொல்லுக்குள் அடக்கியது. கூலி கொடுக்கவேண்டியவராக அவரைப் பார்த்தது. பணம் வரவேண்டியவராகப் பார்க்கவில்லை.

1798-ஆம் பிரிவும் முழுமையானதல்ல. தம் கையால் வேலை செய்தவரைத்தான் அது காத்தது, உள்குத்தகை எடுத்த நிறுவனங்களை அல்ல. அந்தக் குறையைப் பிரான்ஸ் 1975 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டத்தால் சரிசெய்தது. அரசு வேலையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உள்குத்தகைக்காரருக்கு அரசே நேராகப் பணம் தரவேண்டும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த பள்ளிக் கட்டடத்துக்கு டெண்டர் விடும்போது புதுச்சேரி அரசு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கட்டும்: உள்குத்தகைக்காரர்களின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், அவர்கள் பங்கு அவர்கள் கணக்குக்கே நேராகப் போக வேண்டும்.