ஆலைப் பெண்கள் பாடிய சாட்சியம்

1886 ஜூன். ஜப்பானின் கோஃபு நகரில் இருந்த அமேமியா பட்டு ஆலையில் கூலியைக் குறைத்து, வேலை நேரத்தை நீட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஒரு புத்தர் கோயிலில் போய்க் கூடினார்கள். ஜப்பானிய ஆலைத் தொழிலாளர்களின் முதல் வேலைநிறுத்தமாக இதைத்தான் சொல்கிறார்கள். சில நாட்களில் முதலாளி இறங்கி வந்தார்.

அந்தப் பெண்களின் மனதை எந்தக் கம்பெனிக் கணக்கேடும் சொல்லாது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய வரலாறு கற்பித்த பாட்ரீசியா சுருமி, அதைத் தேடி அவர்களுடைய பாட்டுகளிடம் போனார். மெய்ஜி காலத்து ஆலைப் பெண்களைப் பற்றி 1990இல் அவர் வெளியிட்ட நூலில், வேலைக்கு நடுவே அவர்கள் பாடியவையும் வரலாற்றுச் சான்றுகளே. தகப்பன் முன்பணம் வாங்குவார். மகள் உழைத்துக் கழிப்பாள். விடுதிக் கதவு பூட்டியிருக்கும். காசநோய் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் கிராமத்துக்கும் பரவும். மருத்துவர் இஷிஹாரா ஒசாமு 1913இல் இதை அம்பலப்படுத்தினார்.

பெண் என்பதால் ஒரு படி கீழே. ஜப்பான் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த கொரியப் பெண் என்றால் இன்னும் கீழே. 1930இல் கிஷிவாடா நூற்பாலைக் கம்பெனியில் நடந்த வேலைநிறுத்தத்தில் அந்தக் கொரியப் பெண்கள் முன்னால் நின்றார்கள்.

இந்தக் கதை ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதல்ல. 2006 முதல் 2014 வரை இங்கே ஓடிய நோக்கியா ஆலையில் பெரும்பாலும் இளம்பெண்களே செல்போன் தயாரித்தார்கள். 2021 டிசம்பரில், செல்போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது; செலவு 706 கோடி ரூபாய். நல்ல கட்டடம் வேண்டியதுதான். ஆனால் இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யார் வந்து பார்க்கலாம் என்பதை யார் முடிவுசெய்கிறார்கள்? ஜப்பானில் பூட்டிக் கிடந்த விடுதிக் கதவுகள் எழுப்பும் கேள்வியும் அதுதான்.

நிசானும் கொமாட்சுவும் யமஹாவும் ஒரகடம் வட்டாரத்துக்கு வந்த கதை எழுத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிப்போகும் பெண்ணின் கதை அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. இது பெரிய குறை.

இந்த ஆலைகளில் வேலை பார்த்த சகோதரிகளே, பழைய சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் விடுதி விதிமுறைத் தாளையும் தூக்கி எறியாதீர்கள். வரலாறு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.