நகம் சீவிய கத்தி

லோனாக் போர்க்களத்தில் 1362 டிசம்பரில் ஆர்மன்யாக் பிரபுவைச் சிறைபிடித்து, மீட்புப் பணத்தாலேயே பெருஞ்செல்வரானார் தென்பிரான்ஸின் ஃபுவா பிரபு மூன்றாம் காஸ்தோன். சூரியக் கடவுளின் பெயரான ‘ஃபேபூஸ்’ என்பதைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர். அதே மாதம், பேசிய சீர்ப்பணம் வந்து சேரவில்லை என்று மனைவி ஆக்னெஸைப் பிறந்த வீட்டுக்கு விரட்டினார். அவளுடைய அண்ணன்தான் நவார் மன்னன் சார்ல்ஸ். அந்த ஆண்டு அவளுக்குப் பிறந்த மகன் மட்டும் தகப்பனிடம் நின்றான். அவனுக்கும் காஸ்தோன் என்றே பெயர்.

1388-ல் பிரபுவின் ஓர்தேஸ் கோட்டைக்கு வந்த வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாஸார், நள்ளிரவில் பன்னிரண்டு தீவட்டி வெளிச்சத்தில் பிரபு சாப்பிட உட்கார்ந்ததை எழுதுகிறார். 1,600 நாய்கள் இருந்தன என்கிறார். மகன் எப்படிச் செத்தான் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஆள் நழுவினார்கள். கடைசியில் வாய் திறந்தவர் ஒரு முதிய வீரர்.

தாயைப் பார்க்கப் போன பையனிடம் மாமன் சார்ல்ஸ் ஒரு பொடிப் பையைக் கொடுத்தானாம். அப்பா சாப்பாட்டில் தூவு, அம்மாமேல் ஆசை திரும்பும் என்றானாம். பந்து விளையாட்டில் சண்டை வந்து அறை வாங்கிய இவேன், பிரபுவின் இன்னொரு மகன் (மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவன்), பையைப் பற்றிச் சொல்லிவிட்டான். மகன் உணவு பரிமாறும்போது பிரபு பையை அறுத்தெடுத்து, ரொட்டியில் பொடியைத் தூவி நாய்க்குப் போட்டார். நாய் செத்தது.

பையனோடு இருந்த பணியாளர்களில் 15 பேர் கொல்லப்பட்டார்கள். இருட்டறையில் அடைபட்ட மகன் சோறு தொடவில்லை. நகம் சீவிக்கொண்டிருந்த பிரபு அதே சிறு கத்தியோடு உள்ளே போய், அவன் கழுத்தில் கைவைத்து, “துரோகி, ஏன் சாப்பிடவில்லை?” என்றார். விரல்களுக்கு வெளியே நீட்டியிருந்த முனை நரம்பில் பட்டது. அது 1380.

விபத்து என்கிறார் ஃப்ருவாஸார். பிரபுவின் உப்பைத் தின்றவர் வேறெப்படி எழுதுவார்?

1391 ஆகஸ்டில் கரடி வேட்டை முடிந்து சாப்பாட்டுக்கு முன் கைகழுவிய பிரபு அப்படியே சாய்ந்தார். தண்ணீர் ஊற்றியவர்கள் பதறிப்போய், விஷமில்லை என்று காட்ட அதே தண்ணீரைக் குடித்துக் காட்டினார்கள். வாரிசுரிமை இல்லாத இவேன், தகப்பனின் மோதிரத்தையும் அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓர்தேஸுக்குக் குதிரையை விரட்டினான். கருவூலம் அங்கேதான். காவலன் இரண்டையும் பார்த்தான். கதவைத் திறந்தான்.