எண்பத்து மூன்றும் எண்பத்தைந்தரையும்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1500 இஞ்சினிலிருந்து ஒரு சிலிண்டரையும் 1600 இஞ்சினிலிருந்து ஒரு சிலிண்டரையும் கழற்றி அருகருகே வைத்தால், அளந்து பார்க்காமல் எது எது என்று சொல்வது கடினம். இரண்டுமே ஃபின்கள் சூழ்ந்த வார்ப்பிரும்பு பேரல்கள். ஒன்றின் போர் 83 மி.மீ., மற்றதன் போர் 85.5 மி.மீ. ஸ்ட்ரோக் இரண்டிலும் 69 மி.மீ. இந்த இரண்டரை மில்லிமீட்டர்தான் 1493 சி.சி.யை 1584 சி.சி.யாக்குகிறது.

பழைய பீட்டிலை மீட்டெடுப்பவர்கள் முன் அடிக்கடி வரும் கேள்வி இது: தேய்ந்துபோன 1500-இன் பேரல்களுக்குப் பதிலாக 1600-இன் பேரல்களைப் போடலாமா? போடலாம். கிராங்க் கேஸில் பேரல் இறங்கும் துளை இரண்டுக்கும் பொது. ஹெட்டில் அது பொருந்தும் வாயும் பொது. கேஸில் 90, ஹெட்டில் 94 மி.மீ. லேத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் உறவு இருக்கும் இடம் பெயரைப் பார்த்துத் தெரிவதில்லை. 1965-இல் வந்த 1300 இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்ட்ரோக்கும் அதே 69தான். 1500-இன் கிராங்கைப் பழைய 1200-இன் 77 மி.மீ. போருடன் சேர்த்துப் பிறந்தது அது. கிராங்க் வழியில் 1500-க்கு இவ்வளவு நெருக்கமாக இருந்தும் பேரல் வழியில் அது அந்நியம். துளைகளைக் கடைந்து பெரிதாக்காமல் 85.5 பேரல் அதில் இறங்காது. 1300 கிராங்கை மாற்றிப் பிறந்தது, 1600 பேரலை மாற்றிப் பிறந்தது. இன்று பட்டறைகளில் நடக்கும் மாற்றத்தைத் தொழிற்சாலை தானே முன்பு செய்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த உண்மை.

அதற்குச் சான்றாக ஒரு வண்டியே இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 1970 மாடல் பீட்டிலில் 85.5 பேரல்கள் இருந்தன. ஹெட்டோ 1500-இல் இருந்ததைப் போலவே ஒற்றைத் துவார ஹெட். அமெரிக்கக் கணக்கில் 1500-இன் ஆற்றல் 53 குதிரைத்திறன், இதனுடையது 57. அடுத்த ஆண்டு இரட்டைத் துவார ஹெட் வந்தபோது அது 60 ஆயிற்று. கார்புரேட்டர் மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு. என்றாலும் போர் தந்தது எவ்வளவு, மூச்சுவிடும் வழி தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இந்த மூன்று எண்கள் உதவுகின்றன. பேரலை மட்டும் மாற்றுபவர் முதல் படியை ஏறுகிறார். இரண்டாம் படிக்கு ஹெட்டையும் மேனிஃபோல்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கூடுவதும் குறைவதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. துளை மாறாமல் போர் மட்டும் பெருகுவதால், கேஸுக்குள் இறங்கும் பகுதியில் 1500-இன் பேரல் சுவர் 3.5 மி.மீ., 1600-இன் சுவர் 2.25 மி.மீ. முன்னது கனத்தால் உருக்குலையாமல் நிற்கிறது. பின்னது போதுமான அளவுக்கு மட்டும் கனமாக இருந்து அதே வேலையைச் செய்கிறது. இதே துளையில் இறங்கும் 87 மி.மீ. பேரல்களும் விற்கின்றன, 1641 சி.சி. தருவதாக. அவற்றின் சுவர் அங்கே 1.5 மி.மீ.தான். சூட்டில் வட்டம் குலைந்தால் ரிங் சுவரோடு ஒட்டாது, ஆயில் மேலேறும். இறங்குகிறது என்பதும் பொருந்துகிறது என்பதும் ஒன்றல்ல.

கம்பிரஷனிலும் ஒரு நகர்வு உண்டு. 1500-இன் விகிதம் 7.5. அதே ஹெட், தட்டைத் தலை பிஸ்டன், அதே இடைவெளி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 85.5 பேரல் அதை ஏறத்தாழ 7.9-க்குக் கொண்டுபோகும். இது அபாயமல்ல, ஆனால் கவனிக்காமல் விடத் தக்கதும் அல்ல. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பேரலின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை அளந்து, தேவையானால் பேரலின் அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். புதிய பேரல்களின் உயரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால் நான்கையுமே அளப்பது நல்லது.

எடை விஷயத்தில் நாம் எதிர்பார்க்கும் சிக்கல் எழுவதில்லை. பெரிய பிஸ்டனுக்காக கிராங்கை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றும். எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களில் பிஸ்டன்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அவை தமக்குள் சம எடையில் இருந்தால் போதும். பழைய கிராங்க் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

வெப்பம்தான் இரண்டையும் உண்மையில் பிரிக்கிறது. பழைய அமைப்பில் விசிறிக் கூட்டின் உள்ளேயே ஆயில் கூலர் நின்று, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. 1500 அதோடு வாழ்ந்தது. 1600-க்கு 1971 மாடலில் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தினார்கள். அதிகம் எரிக்கும் இஞ்சினுக்கு அதிகக் காற்று. எனவே 1500-இல் 85.5 பேரல் போடுபவர், இயன்றால் அந்தக் கூலர் அமைப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்வது முறை. பாதி மாற்றத்தைவிட முழு மாற்றம் இஞ்சினுக்கு நல்லது.

கிடைக்கும் வசதியில் தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பீட்டிலில் 1500 சில ஆண்டுகளே இருந்தது. 1600-இன் வாழ்வோ மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் 2003 ஜூலையில் கடைசி பீட்டில் வெளிவரும்வரை நீண்டது. அதனால் 85.5 பேரல்கள் எளிதில் கிடைக்கின்றன. நல்ல 83 பேரல்களைத் தேட வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இது. 83 பேரல்கள் அளவுக்குள் இருந்தால் அவற்றையே ஹோன் செய்து, புது ரிங்குடன் போடுங்கள். கடந்திருந்தால் தயங்காமல் 85.5-க்குப் போங்கள், 87-ஐத் தொடாதீர்கள். 'எச்' எழுத்தில் தொடங்கும் உங்கள் கேஸின் எண் எப்படியும் மாறப்போவதில்லை. கழற்றிய பழைய பேரல்களை எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். பின்னால் வரும் ஒருவர் அதே துளைகளில் அவற்றைத் திரும்ப இறக்க முடியும்.